ஃபார்முலாவுக்கும் ஒரு பேர் வைக்கலாம்

இன்றைக்கு எக்செல் பற்றிப் பேசலாம். "அதுல பேச என்ன இருக்கு?"ன்னு கேட்பீங்க. இருக்கு.

1979-இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் விசிகால்க் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தாங்க. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதை நம்பியிருக்கும் கணக்கெல்லாம் உடனே மாறும். ஃபார்முலா எழுதுவதும் ஒரு வகை புரோகிராமிங்தான். ஆனால் எழுதுறவருக்கு அப்படித் தோணாது. ஸ்ப்ரெட்ஷீட்டின் பலமே அதுதான்.

சிக்கல் எங்கே வருது? ஒரு கடைக்காரர் தள்ளுபடி, வரி எல்லாம் சேர்த்து நீளமா ஒரு ஃபார்முலா எழுதுறார். அதையே 500 வரிசையிலும், மூணு ஷீட்டிலும் காப்பி பண்றார். தள்ளுபடி விதி மாறினால் எல்லா இடத்திலும் திருத்தணும். ஒரு இடம் விட்டுப்போனாலும் எக்செல் பல நேரம் பிழைன்னு சொல்லாது. தப்பான தொகையைக் காட்டிட்டுப் பேசாம இருக்கும். பில்லும் அப்படியே போயிடும்.

இதுக்கு விபிஏ மேக்ரோ உண்டு. ஆனால் அது வேறொரு மொழி. கணக்கு நல்லா தெரிஞ்சவங்க பலர் அங்கே போகவே தயங்குறாங்க.

2003-இல் சைமன் பெய்டன் ஜோன்ஸ், ஆலன் பிளாக்வெல், மார்கரெட் பர்னெட் மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரையில் வேறு வழி சொன்னாங்க. பயனர் புது மொழி கற்க வேண்டாம். தனக்குத் தெரிந்த ஃபார்முலாவிலேயே சொந்த ஃபங்ஷன் உருவாக்கட்டும். கிட்டத்தட்ட அதே எண்ணத்தில், 2020 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் 'லாம்டா'வை அறிவித்தது. 2022-இல் கூகுள் ஷீட்ஸிலும் வந்தது.

லாம்டாவுக்குள் முதலில் உள்ளீடுகளின் பெயர்கள்: விலை, தள்ளுபடி. கடைசியில் கணக்கு: விலை கழித்தல், விலை பெருக்கல் தள்ளுபடி. இதை நேம் மேனேஜரில் 'நிகரவிலை'ன்னு ஒரு பெயரில் சேமிச்சா, சம் ஃபங்ஷன் மாதிரியே எந்த ஷீட்டிலும் கூப்பிடலாம். விதி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினா போதும்.

இதிலும் கவனம் வேணும். ஃபார்முலா இப்போ கட்டத்தில் தெரியாது. பெயர் மட்டும்தான் தெரியும். உள்ளே தப்பு இருந்தா, 500 வரிசையும் ஒண்ணா தப்பாகும். அதனால முதலில் சாதாரண ஃபார்முலாவா எழுதி, கையால் போட்ட கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. சரியா வந்த பிறகு பெயர் வைங்க. இன்னொண்ணு: அந்தப் பெயர் அந்த ஃபைலுக்குள் மட்டும்தான் இருக்கும். எக்செல் 2019 வைத்திருப்பவருக்கு அனுப்பினால், அங்கே இந்த ஃபங்ஷன் வேலை செய்யாது.