நடுநிலை வகுப்புகளில் பூகோளம் கற்பித்தல்

பூகோள சாஸ்திரம் என்பது நாம் வாழும் பூமியின் இயல்பையும், அதன்கண் மக்கள் வாழும் வகையையும், இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பையும் ஆராயும் கலையாகும். இத்தகைய சிறந்த கலை, நம் பள்ளிகள் பலவற்றுள் பெயர்களை நெட்டுருச் செய்யும் பயிற்சியாய்ச் சுருங்கி நிற்றலை யாவரும் அறிவர். மலைகளையும் நதிகளையும் தடையின்றி ஒப்பிக்கும் மாணாக்கன், தன் வகுப்பறையின் வாயில் எத்திசையை நோக்கியிருக்கிறதென்று வினவினால் விழிக்கின்றான். இக்குறை அவனுடையதன்று, கற்பிக்கும் முறையினுடையது. நம் கல்லூரியிற் பயின்று ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளும் அன்பர் பலராதலின், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் இக்கலையை ஓராண்டு முழுவதும் எங்ஙனம் கற்பிக்கலாம் என்பதை, மதுரை நகரத்துப் பள்ளியொன்றை உதாரணமாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்குவோம்.

இவ்வகுப்புகளிற் பூகோளம் தனிப் பாடமன்று. சமூக அறிவியல் என்னும் பெயரால் சரித்திரத்தோடும் குடிமையியலோடும் ஒருங்கு வைக்கப்பட்டிருக்கின்றது. ஆதலின் அதற்குக் கிடைக்கும் நேரம் சிறிது. ஆயினும், ஜூன் மாதத்தில் தொடங்கி ஏப்ரலில் முடியும் நம் பள்ளியாண்டு, இக்கலைக்கென்று இயற்கையே வகுத்துக்கொடுத்த பாடத்திட்டம் போன்றது. சூரியனும் காற்றும் மழையும் முறைமுறையே வந்து தத்தம் பாடத்தை நடத்திச் செல்கின்றன. அவை வருங்காலத்து மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று, கண்டதைக் குறித்துவைக்கச் செய்தலே ஆசிரியர் கடன். கண்ணாற் கண்டது முன்னர், தேசப்படம் பின்னர் என்பதே இம்முறையின் சாரம்.

பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கோலொன்றை முற்றத்திற் செங்குத்தாக நாட்டுக. உச்சிவேளைக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிஷத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்கச் செய்க. சூரியனை நேரே நோக்கலாகாது என்பதை முதலிலேயே வற்புறுத்துதல் வேண்டும். நிழல் மிகக் குறுகிய கணமே மெய்யான நண்பகல். அப்போது அது வடக்குத் தெற்காய்க் கிடக்கும். கடிகாரமோ பன்னிரண்டேகாலைக் கடந்திருக்கும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவதும், மதுரை அதற்கு மேற்கே ஏறக்குறைய 78 பாகையில் இருப்பதும், ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் வேறுபடுவதும் இவ்விடத்து விளங்கும்.

மற்றொரு வியப்பும் உண்டு. ஜூன் மாதத்து உச்சிநிழல் மதுரையில் தெற்கு நோக்கி விழும். சூரியன் அப்போது நமக்கு வடக்கே நிற்பதே அதன் காரணம். ஜூன் 21ஆம் தேதியில் அந்நிழல் சுமார் 24 சென்டிமீட்டர் இருக்கும். ஆகஸ்டு மாதக் கடைசி வாரத்தில் நிழலே இராது. பின்னர் அது வடக்கே திரும்பி வளர்ந்து, டிசம்பர் 22ஆம் தேதியளவில் 66 சென்டிமீட்டர் ஆகும். மீண்டும் குறுகி, சித்திரை பிறக்கும் ஏப்ரல் நடுவில் மறையும். வாரம் ஒருநாள் அளந்தெழுதிய ஒரு பக்கம், பூமியின் அச்சு சாய்ந்திருத்தலையும் பருவங்களின் மாற்றத்தையும் எந்தப் படத்தினும் நன்கு விளக்கும். மேகம் மறைத்தால் மறுநாள் அளக்கலாம். இது பிற நாட்டினின்று வந்த புதுமையுமன்று. பாண்டியன் அரண்மனைக்கு நிலம் வகுத்தோர் இரு கோல்களின் நிழல்கொண்டு திசை தேர்ந்தமையை நெடுநல்வாடை கூறுகின்றது.

திசை தெளிந்தபின் ஜூலை மாதத்திற் படம் வரையத் தொடங்கலாம். பள்ளி வளாகத்தைப் பிள்ளைகளே நாடாகொண்டு அளந்து, ஐந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் அளவில் வரைக. கிணறும் வேம்பும் வாயிலும் தத்தம் இடத்தில் அமைந்தமை கண்ட பின்னரே, படம் என்பது நிலத்தைச் சுருக்கிக் கூறும் ஒரு மொழி என்பது அவர்க்கு விளங்கும். 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னையருகே பரங்கிமலைப் பக்கத்தில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, இந்திய நிலவளவையின் பெரும்பணியைத் தொடங்கிய வரலாற்றை இச்சமயத்திற் கூறுதல் பொருந்தும்.

இக்காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் கேரளத்தில் மழையாய்ப் பெய்யும். மதுரையிலோ காற்றே மிகுதி. காற்று மலையேறுங்கால் குளிர்ந்து நீரைச் சொரிதலும், இப்பால் இறங்குங்கால் வறண்டு போதலும் ஆகிய மழைமறைவு என்னும் பாடத்தை வேறெங்குந் தேடவேண்டுவதில்லை. மேற்கே ஓடி அரபிக்கடலைச் சேர வேண்டிய பெரியாற்று நீரை அணையால் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்க வழியே வைகைக்குத் திருப்பிய பென்னிகுயிக்கின் பெருஞ்செயல் 1895இல் நிறைவேறிற்று. மதுரை வயலில் விளையும் நெல்லுக்கு மலைக்கு மறுபக்கத்து மழை காரணமாதலை உணர்ந்த பிள்ளை, பூகோளத்தின் பயனை உணர்ந்தவனாவான்.

செப்டம்பர் 23ஆம் தேதியளவில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே நிற்கும். அன்று மதுரையில் உச்சிநிழல் ஏறக்குறைய 17½ சென்டிமீட்டர். கோலையும் நிழலையும் அளவிற்கேற்பத் தாளில் முக்கோணமாய் வரைந்து கோணமானியால் அளந்தால், கோலின் உச்சியிலுள்ள கோணம் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவாய் இருக்கும். அதுவே மதுரையின் அட்சரேகை. எட்டாம் வகுப்பினர் இன்னும் ஒரு படி செல்லலாம். சென்னையிலும் கன்னியாகுமரியிலும் உள்ள பள்ளிகளுக்கு எழுதி, அன்றைய நிழலளவைப் பெறுக. இரண்டிடத்துக் கோணமும் ஐந்து பாகை வேறுபடும். அஃது ஒரு வட்டத்தில் 72இல் ஒரு பங்கு. தேசப்படத்தில் வடக்குத் தெற்காக அளந்த தூரம் சுமார் 555 கிலோமீட்டர். இதனை 72ஆற் பெருக்கினால் பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் என வரும். அலெக்ஸாந்திரியாவில் எரட்டாஸ்தனிஸ் என்னும் அறிஞர் 2,200 ஆண்டுகளுக்கு முன் கண்ட வழியும் இதுவே. கைப்பேசி இவ்விடையை ஒரு நொடியிற் கூறும். ஆனால் தானே கண்டறிந்த மகிழ்ச்சியை அதனால் தரவியலாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி இக்காலத்திற் பெறப்படுவது. பக்கம் நேராயுள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலையில் நீரின் ஆழத்தை மில்லிமீட்டரில் அளக்கச் செய்க. நூறு சதுர மீட்டர் பரப்புள்ள கூரைமீது பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால், அஃது ஆயிரம் லிட்டர் நீராகும். இக்கணக்கை ஒருமுறை செய்தவர், கண்மாய் தூர்ந்து போவதைக் கண்டும் காணாதார் போலச் செல்லார்.

ஜனவரியிற் கடலைப் பற்றிக் கற்பிக்கலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை நம் நாகப்பட்டினம் முதலிய கடற்கரைகளை அழித்த அதே நாளில், தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பேரலை வருமென்று பெற்றோரிடம் கூறினாள். கரையிலிருந்தோர் உடனே அகற்றப்பட்டு உயிர் பிழைத்தனர். சில வாரங்களுக்கு முன் தன் பள்ளியின் பூகோள வகுப்பிற் கற்றதே அவளுக்குத் துணையாயிற்று. பாடம் உயிர்காக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனிப் பிற தேசங்கள். பிப்ரவரியில் மதுரையின் அட்சரேகையையே கோளத்தில் விரலால் தொடர்ந்து செல்க. அஃது ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியாவையும் நைஜீரியாவையும், பின்னர் வெனிசுவேலாவையும் கடந்து, கோஸ்டரிக்காவின் தலைநகராகிய சான்ஹொசேயை அடையும். ஒரே ரேகையிலிருந்தும் அந்நகர் நம்மூர்போல் வெப்பமுடையதன்று. அது கடல்மட்டத்திற்கு மேல் 1,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. நம் கொடைக்கானலை நினைப்பிக்கவே பிள்ளைகள் காரணத்தைத் தாமே கூறுவர். அறிந்ததைக்கொண்டு அறியாததை அறிதல் என்பது இதுவே.

முடிவில் தேர்வு. “பத்து நதிகளின் பெயரை எழுதுக” என்று வினவும்வரை பிள்ளைகள் பெயர்களையே படிப்பர். மழைக் கணக்கொன்றைக் கொடுத்து, “இவ்வூர் மலைக்கு எப்பக்கத்தது? காரணம் கூறுக” என வினவினால், அவர்கள் சிந்திக்கத் தொடங்குவர். பெயர்களும் வேண்டாதன அல்ல. பொருளறிந்தபின் அவை தாமே மனத்தில் நிற்கும்.

நம்மிடம் பயில்வோர் யாவரும் பூகோள நிபுணராகப் போவதில்லை. ஆயினும் அவர் யாவரும் ஆற்றுநீரைப் பகிர்தற்கும், ஏரியைக் காத்தற்கும், புயலெச்சரிக்கையை உணர்தற்கும் உரிய குடிமக்களாவர். தாம் நிற்கும் மண்ணை அறியாதார் இவற்றுள் ஒன்றையும் செம்மையாகச் செய்யமாட்டார். ஆதலின், ஆசிரியப் பணிக்குச் செல்லும் நம் இளைஞர்காள்! பாடநூலைத் திறக்குமுன் வகுப்பறையின் கதவைத் திறமின். ஒரு கோலும், ஒரு நாடாவும், ஒரு பாத்திரமும், ஒரு குறிப்பேடும் இவ்வாண்டு முழுமைக்கும் போதியனவாம்.