பைத்தானில் பெயர் சுட்டிய செயலுருபுகளும் இறக்கிய செயற்கூறுகளும்

பைத்தான் மொழியில் ஒரு செயற்கூறுக்கு மதிப்புகளை இரு வழிகளில் தரலாம்: வரிசைப்படி தருவது, அளபுருவின் பெயரைச் சொல்லித் தருவது. பின்னது கீவேர்டு ஆர்கியுமென்ட் எனப்படும். நாமே எழுதிய செயற்கூறில் எந்த வழியானாலும் பெரிய வேறுபாடு இல்லை. பிறர் எழுதியதை இறக்கிப் பயன்படுத்தும்போதுதான் இதன் அருமை தெரியும்.

தமிழ்த் தரவைக் கையாளும் எவரும் சந்திப்பது ஜேசன் கூறிலுள்ள ‘டம்ப்ஸ்’. இதனிடம் ‘அம்மா’ என்ற சொல்லைக் கொடுத்தால் தமிழ் வராது. ஐந்து யுனிகோடு குறிகளும் குறிக்கு ஆறு வீதம் முப்பது ஆஸ்கி எழுத்துகளாக வரும். தரவு கெட்டுவிடவில்லை, திரும்பப் படித்தால் அதே சொல் கிடைக்கும். ஆனால் கோப்பைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘என்ஷ்யூர்_ஆஸ்கி’ என்ற அளபுரு இயல்பாகவே ‘ட்ரூ’ என இருப்பதே காரணம். அதைப் பெயர் சொல்லி ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் தமிழ் தமிழாகவே வரும். பெயரை விட்டு ‘ஃபால்ஸ்’ என்று மட்டும் இரண்டாவதாக எழுதினால் டைப்எரர் வரும். அச்செயற்கூறின் வரையறையில் முதல் அளபுருவுக்குப் பின் ஒரு நட்சத்திரக்குறி உள்ளது. அதற்கு அப்பால் உள்ளவற்றைப் பெயரால் மட்டுமே தர முடியும். 2008-இல் வந்த பைத்தான் 3.0 இவ்வசதியைக் கொண்டுவந்தது.

இறக்கும்போது ‘ஆஸ்’ சேர்த்து டம்ப்ஸுக்கு ‘எழுது’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். பைத்தான் 3 ஏற்கும். ஆனால் உள்ளே இருக்கும் அளபுருவின் பெயரை இறக்குபவர் மாற்ற முடியாது. நூலகத்தை எழுதியவர் அப்பெயரை மாற்றினால், பழைய பெயரால் அழைத்த நிரல்கள் எல்லாம் நின்றுவிடும்.

கோப்பு திறக்கும் ‘ஓப்பன்’ இறக்காமலே கிடைப்பது. இதில் ‘என்கோடிங்’ நான்காவது இடத்தில் உள்ளது. மூன்றாவதாக ‘யுடிஎஃப்-8’ என்று எழுதினால், முழு எண் வேண்டிய இடத்தில் சரம் வந்ததாகப் பிழை காட்டும். பெயர் சொல்லித் தருவதே நல்லது.

ஓஎஸ் கூறிலுள்ள அனைத்தையும் நட்சத்திரமிட்டு இறக்குவது இன்னொரு பொறி. அதிலும் ஒரு ‘ஓப்பன்’ உண்டு. அது இயல்பான ஓப்பனை மறைத்துவிடும். அதற்கு ‘என்கோடிங்’ என்ற அளபுருவே கிடையாது. நேற்று வரை ஓடிய வரி இன்று பிழை தந்தால், முதலில் நிரலின் தலையிலுள்ள இறக்குமதி வரிகளைப் பாருங்கள்.