கடைக்கு வழக்கு வந்தால்... எந்தச் சட்டத்தரணியிடம் போவது?



கணவர் வெளிநாட்டில் இருக்க, அல்லது மௌத்தாகிவிட, புடைவைக் கடையையோ பேக்கரியையோ தையல் நிலையத்தையோ பொறுப்பேற்று நடத்தும் பெண்கள் இன்று நம் ஊர்களில் பலர். வேலையிலிருந்து நிறுத்திய ஊழியர் தொழில் நியாய சபைக்குப் போயிருக்கிறார் என்று அறிவித்தல் வந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. காணி உறுதி எழுதித் தந்தவரிடமே கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம்.

"இரண்டு பேர் வேலை செய்யும் சின்னக் கடைதானே" என்று அலட்சியம் வேண்டாம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, நீக்கப்பட்டவர் 6 மாதங்களுக்குள் இச்சபையில் விண்ணப்பிக்கலாம். மீண்டும் வேலை கொடுக்கும்படியோ நட்டஈடு செலுத்தும்படியோ சபை கட்டளையிடலாம். தவணைக்குப் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே விசாரணை முடிந்துவிடவும் கூடும்.

ஆகவே, சட்டத்தரணியிடம் முதலில் கேளுங்கள்: தொழில் நியாய சபையில் தொடர்ந்து தோன்றுகிறவரா? முதலாளி தரப்பில் வாதாடியிருக்கிறாரா? காரணம் உண்டு. "நான்தான் நிறுத்தினேன்" என்று பதிலில் ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று முதலில் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். "அவராகவே போய்விட்டார்" என்றால், நீக்கப்பட்டதை அவர் நிரூபிக்க வேண்டும். பதிலின் முதல் வரியிலேயே வழக்கின் போக்கு மாறிவிடும். இது தெரிந்தவர் அவசரப்பட்டு எழுதமாட்டார். நடந்ததை உள்ளபடி கேட்டறிந்த பின்பே எழுதுவார்.

நல்லவர் கட்டணம் பேசுமுன் கடதாசிகளைக் கேட்பார். நியமனக் கடிதம், வரவுப் பதிவேடு, சம்பளக் கணக்கு, விளக்கம் கேட்ட கடிதம், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும் ஊழியரின் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஒரு கோவையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அதையும் சொல்லுங்கள். ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆட்குறைப்புச் செய்ய, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரின் எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும்.

கட்டணம் தவணைக்கு எவ்வளவு, தவணை தள்ளிப்போனாலும் கொடுக்க வேண்டுமா, அவரே வருவாரா, கனிஷ்டரை அனுப்புவாரா என்பதை எழுதி வாங்குங்கள். கடனை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சபையில் சிங்களத்தில் நடப்பதைத் தமிழில் விளங்கப்படுத்துவாரா என்றும் கேளுங்கள். வியாபாரம் சற்றுப் பெரிதானால், 1929 முதல் இயங்கும் இலங்கை முதலாளிமார் சம்மேளனம் தன் அங்கத்தவர்களுக்கு ஆலோசனையும் வழங்கிச் சபையிலும் தோன்றுகிறது.

"பழைய திகதி போட்டு ஒரு எச்சரிக்கைக் கடிதம் எழுதுவோம்" என்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். "இந்த இடத்தில் உங்கள் மேல் பிழை இருக்கிறது, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துச் சமாதானமாவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

வாதத் திறமையால் சகோதரனின் உரிமை தனக்குத் தீர்ப்பானாலும் அது நெருப்புத் துண்டே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அறிவித்தவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். வழக்கில் வென்று ஆகிரத்தில் தோற்பதால் என்ன பயன்? ஊழியரின் ஹக்கைக் கொடுத்து, பொய்யான குற்றச்சாட்டுக்கு மட்டும் எதிர்த்து நில்லுங்கள். வல்ல அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக!