பெட்டிக்கடியில் ஒரு கூம்பு

இங்கிலாந்தின் நகரங்களில் வீதியைக் கடக்க நிற்கும் பாதசாரிகள், கம்பத்திலுள்ள பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு எதிரே பார்த்து நிற்பார்களேயன்றி, அப்பெட்டியின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பவர் அபூர்வம். தடவினால், விரல்களுக்குள் அடங்கும் அளவில், வரிவரியாகச் சொரசொரத்த ஒரு சிறு கூம்பு தட்டுப்படும். பச்சை மனித உருவம் ஒளிர்ந்ததும் அது சுழலத் தொடங்கும். உருவம் மறைந்தால் நின்றுவிடும். கண் பார்வை இல்லாதவர்களுக்கு அதுவே பச்சை விளக்கு. 1980களில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான இந்தச் சாதனத்தின் அருகே விளக்கப் பலகை ஏதும் இல்லை. வேண்டியவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

ஒலி எழுப்பும் கருவி இருக்கையில் கூம்பு எதற்கு என்று தோன்றலாம். நடுவே மேடை அமைத்து ஒரே சாலையை இரு பகுதிகளாகக் கடக்கவேண்டிய இடங்களில், அப்பகுதிக்காக எழுந்த ஒலியை இப்பகுதியில் நிற்பவர் தமக்கென்று எண்ணிக் காலடி எடுத்து வைத்தால் விபரீதம் நேர்ந்துவிடும். பார்வையோடு செவியும் இழந்தவர்களுக்கோ ஒலியால் பிரயோஜனமே இல்லை. கூம்பு தன்னைத் தொட்டவருக்கு மட்டும், அவர் நிற்கும் அந்த ஓரிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறது. எந்தப் பெரிய யந்திரத்தைக் காட்டிலும் இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

அந்நாட்டார் தங்கள் கடக்குமிடங்களுக்குப் பிராணிகளின் நாமங்களைச் சூட்டியிருக்கிறார்கள். 1951இல் வந்தது வரிக்குதிரை. 1969இல் வந்தது விளக்குகளுடன் கூடிய பெலிக்கன், அதாவது கூழைக்கடா. பின்னர் வந்த பஃபின் என்ற கடற்பறவைதான் நுட்பம் மிகுந்தது. அதில் பச்சை மனிதன் எதிர்க்கரையில் இல்லை. நாம் நிற்கும் பக்கத்திலேயே, வாகனங்கள் வரும் திசையை நோக்கிப் பார்வை திரும்பும்படி பொருத்தப்பட்டிருக்கிறான். ஆகவே அவனைப் பார்ப்பவர் கண்ணில், நெருங்கி வரும் வண்டியும் தானே படுகிறது. மேலேயுள்ள உணர்கருவிகள், கைத்தடியூன்றிய மூதாட்டி பாதி வழியில் தயங்கினால், அவர் கரையேறும்வரை வாகனங்களுக்குரிய சிவப்பை நீட்டிக்கின்றன. பொத்தானை அழுத்தியவர் மனம் மாறி அகன்றுவிட்டாலோ, அந்த வேண்டுகோளையே ரத்துசெய்துவிடுகின்றன.

சைக்கிள்காரரும் பாதசாரியும் சேர்ந்து செல்வதற்கு டூக்கான் என்ற பறவையின் பெயர். 'இருவரும் செல்லலாம்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஓசையும் அதுவே.

குதிரை ஏறிச் செல்வோருக்கான இடத்துக்கு, கிரேக்க புராணத்தின் சிறகு முளைத்த குதிரையான பெகாசஸ் பெயர். அங்கே ஒளிரும் உருவம் குதிரையும் அதன்மேல் அமர்ந்த மனிதனும். வழக்கமான பொத்தானுக்கு மேல், சேணத்திலிருந்து இறங்காமலே கை எட்டும் உயரத்தில், இரண்டாவது பொத்தான் ஒன்று உண்டு. அது சாலையோரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியே இருக்கும். ஏறியிருப்பவருக்கு வெகு முன்னால் நீண்டிருக்கிறதல்லவா குதிரையின் தலை!