படிக்கப் போனவர் திரும்பி வந்த கதை



பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருக்கிறது சென்னீர்குப்பம். அங்கேதான் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறார். வீடே அமர்க்களப்படுகிறது. அம்மா பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் பெட்டிக்குள் திணிக்கிறார். அப்பா பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்க்கிறார். ஆயா மட்டும் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "எப்படா திரும்பி வருவே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அண்ணன் சிரிக்கிறார். "மீனம்பாக்கத்துல ஏறினா பத்து மணி நேரத்துல ஃபிராங்க்ஃபர்ட், ஆயா! தினமும் போன்ல மூஞ்சியப் பார்த்தே பேசலாம்."

ஆயா கேட்ட அதே கேள்வியை, நூறு ஆண்டுகளுக்கும் முன்பு நாகம்மாள் என்ற ஓர் அம்மாவும் தன் மகனிடம் கேட்டிருப்பார். ஆனால், அந்த மகன் திரும்பி வரவேயில்லை. அதாவது, உயிரோடு திரும்பி வரவில்லை. அவர் பெயர் செண்பகராமன்.

கப்பலில் ஒரு பையன்

செண்பகராமன் பிள்ளை 1891-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தார். அப்பா பெயர் சின்னசாமிப் பிள்ளை. இவர்களுடையது நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பம். நாஞ்சில் நாடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பசுமையான வயல் நாடு.

அப்போது செடிகொடிகளை ஆராய்வதற்காக சர் வால்டர் ஸ்டிரிக்லேண்ட் என்ற ஆங்கிலேயர் திருவனந்தபுரத்துக்கு வந்திருந்தார். அவர் வித்தியாசமான மனிதர். ஆங்கிலேயராக இருந்துகொண்டே ஆங்கில ஆட்சியை வெறுத்தவர். செண்பகராமனின் அறிவும் துடிப்பும் அவருக்குப் பிடித்துவிட்டன. "என்னுடன் ஐரோப்பாவுக்கு வா, படிக்க வைக்கிறேன்" என்று அழைத்தார்.

1908-ம் ஆண்டு கப்பல் புறப்பட்டது. செண்பகராமனோடு அவருடைய உறவுக்காரரான பத்மநாபனும் கிளம்பினார். கப்பல் கொழும்பை அடைந்ததும் பத்மநாபன் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதினேழு வயதுப் பையன். கூட வந்த ஒரே உறவும் திரும்பிப் போகிறது. எதிரே பெரிய கடல். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

செண்பகராமன் இறங்கவில்லை.

ஐன்ஸ்டைன் படித்த ஊர்

ஐரோப்பாவில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பொறியியல் படித்தார். சூரிச்சில் பேசுவது ஜெர்மன் மொழி. ஏரிக்கரையில் அமைந்த ஊர். நடுவே லிம்மாட் என்ற ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் பனி கொட்டும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தொலைக்காட்சி கிடையாது, செல்போன் கிடையாது. வீட்டுக்கு எழுதும் கடிதம் சூயஸ் கால்வாய் வழியாகக் கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

சூரிச்சில் 1855-ம் ஆண்டு தொடங்கிய புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று உண்டு. விஞ்ஞானி ஐன்ஸ்டைன் 1896 முதல் 1900 வரை அங்கேதான் படித்தார். ஆனால் 1895-ல் முதல் தடவை நுழைவுத் தேர்வு எழுதியபோது அவருக்கு இடம் கிடைக்கவில்லை. கணக்கிலும் இயற்பியலிலும் பிரமாதமாக எழுதியிருந்தார். மற்ற பாடங்கள் போதவில்லை. பக்கத்திலுள்ள ஆராவ் என்ற ஊரில் மேலும் ஓராண்டு பள்ளியில் படித்துவிட்டு வந்து சேர்ந்தார். பிறகு 1912-ல் அதே கல்லூரிக்குப் பேராசிரியராகவே திரும்பினார். செண்பகராமன் சூரிச்சில் இருந்த காலம் அது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றைக்கும் நம் ஊரில் 12-ம் வகுப்பு முடித்தவர்கள் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேராகச் சேர்ந்துவிட முடிவதில்லை. பெரும்பாலும் ஓராண்டு ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டியிருக்கும். 'ஒரு வருஷம் வீணா?' என்று யாராவது முகத்தைத் தூக்கினால், ஐன்ஸ்டைன் கதையைச் சொல்லுங்கள்!

'எம்டன்' வந்தானா?

யாராவது கெட்டிக்காரத்தனமாக எதையாவது செய்தால், "அவன் சரியான எம்டன்பா!" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தச் சொல்லுக்கும் செண்பகராமனுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பார்கள்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 22-ம் தேதி இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் பயந்துபோய் ஊரைவிட்டே ஓடினார்கள். திடீரென்று வந்து, அடித்துவிட்டு, மாயமாக மறைந்த கப்பல் அல்லவா? அதனால் 'எம்டன்' என்பது தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது.

அந்தக் கப்பலில் செண்பகராமனும் வந்தார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நாம் துப்பறிவாளர்களாக மாறிச் சோதித்துப் பார்ப்போமா?

எம்டன் கப்பல் 1914 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் சீனாவிலுள்ள சிங்டாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. அதன் பிறகு முழுக்கக் கடலிலேயே சுற்றியது. செண்பகராமனோ அந்த நாட்களில் சூரிச்சில் இருந்தார். அங்கே இந்திய விடுதலைக்காக ஒரு சர்வதேசக் குழுவைத் தொடங்கி, அதன் தலைவராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெர்லினுக்குப் போனார். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியுமா? முடியாது. எனவே, கதை வேறு, நடந்தது வேறு.

குண்டு வீசியதாகச் சொன்னால்தான் அவர் பெரிய ஆள் என்பதில்லை. படிக்கப் போன ஊரில், 23 வயதில், தன் நாட்டுக்காகக் குழு அமைத்தாரே, அதுவே பெரிய துணிச்சல்தான்.

வயலுக்கு வந்த சாம்பல்

பெர்லினில் இருந்த இந்திய விடுதலைக் குழுவில் செண்பகராமன் சேர்ந்தார். சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவும் அதே குழுவில் இருந்தார். ஜெர்மனி அப்போது இங்கிலாந்தின் எதிரி நாடு. அங்கிருந்துகொண்டு ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர் ஊருக்கு வந்தால் என்ன நடக்கும்? சிறைதான். எனவே அவரால் வீடு திரும்ப முடியவில்லை. போர் முடிந்த பின்னும் பெர்லினிலேயே வாழ்ந்தார். மணிப்பூரைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார்.

1934-ம் ஆண்டு மே மாதம் செண்பகராமன் பெர்லினில் காலமானார். அப்போது அவருக்கு 42 வயதுதான். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தன் அஸ்தியில் ஒரு பகுதியை, அம்மாவின் அஸ்தி கரைந்த கரமனை ஆற்றில் கரைக்க வேண்டும். மீதியை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவ வேண்டும்.

லட்சுமிபாய் அந்த அஸ்தியை ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 32 ஆண்டுகள் பாதுகாத்தார். இரண்டாம் உலகப் போர் வந்து போனது. இந்தியா விடுதலை பெற்றது. 1966-ம் ஆண்டு, 'ஐ.என்.எஸ். டெல்லி' என்ற இந்தியப் போர்க்கப்பல் அஸ்தியைச் சுமந்துகொண்டு கொச்சிக்கு வந்தது. கப்பலில் ஏறிப் போன பையன் 58 ஆண்டுகளுக்குப் பிறகு கப்பலிலேயே வீடு திரும்பினார். இந்த முறை அந்தக் கப்பலில் பறந்தது சுதந்திர இந்தியாவின் கொடி. சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்துக்குப் போனால் அவருடைய சிலையை நீங்கள் பார்க்கலாம்.

நீங்களும் போகலாம்!

இன்று ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று முதலிலேயே காட்ட வேண்டும். அது சின்னத் தொகை அல்ல. மொழியும் வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்திலுள்ள மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் சொல்லித் தருகிறார்கள். ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகள்.

முதல் படிக்குக் கீழே ஒரு குட்டிப் படியை நாம் இங்கேயே ஏறிவிடலாமா?

* குட்டன் டாக் - வணக்கம் (பகலில் சொல்வது)
* டாங்கே - நன்றி
* ஹாண்ட்ஷூ - கையுறை. 'ஹாண்ட்' என்றால் கை, 'ஷூ' என்றால் காலணி. கைக்குப் போடும் காலணி!
* 24 என்பதை 'நாலும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள்.
* ஜெர்மனியில் மதிப்பெண் 1 எடுத்தால் முதல் தரம். 5 எடுத்தால் தோல்வி. சுவிட்சர்லாந்தில் நேர் எதிர்: 6 தான் முதல் தரம்!

இன்னொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கடிகாரம் நம்மைவிட குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் ஓடும். கோடையில் மூன்றரை மணி நேரம். அண்ணன் இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு போன் செய்தால், இங்கே ஆயா நல்ல தூக்கத்தில் இருப்பார்.

ஆயா கோபித்துக்கொள்ள மாட்டார். எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார். நாகம்மாளுக்குக் கிடைக்காத பதில் உங்கள் ஆயாவுக்குக் கிடைக்கும். அதனால், எந்த ஊருக்குப் படிக்கப் போனாலும், அந்தப் பதிலை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்!