‘எரியும் பனிக்காடு’: டீத்தூளுக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதை

கிண்டி ஸ்டேஷன் வாசலில் அவசரமாகக் குடிக்கும் டீக்காக ஒரு காலத்தில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன தெரியுமா? அதைச் சொல்லும் நாவல்தான் ‘எரியும் பனிக்காடு’.

வால்பாறை எஸ்டேட்களில் டாக்டராக இருந்த பி.எச்.டேனியல், 1969-ல் ‘ரெட் டீ’ என ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இது. தமிழில் தந்தவர் இரா.முருகவேள். பாலா இயக்கிய ‘பரதேசி’ (2013) படத்துக்கு அடிப்படையும் இதுதான்.

கதை நடப்பது வெள்ளைக்காரர் காலத்தில். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் பிழைக்க வழியில்லாத கருப்பனும் வள்ளியும், மேஸ்திரியின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறுகிறார்கள். துரைக்கு பங்களா, கூலிகளுக்கு நெருக்கியடிக்கும் லயன் வீடுகள். அடைமழை, அட்டைக்கடி, மலேரியா... சாவு கொத்துக்கொத்தாக விழுகிறது. பிழைத்தவர்களும் ஊர் திரும்ப முடியாது. கையில் வாங்கிய முன்பணம், கடனாகக் கூலியைத் தின்றுகொண்டே இருக்கும்.

துரையின் நிறத்திமிரை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. ஆள் பிடித்துக் கொடுத்தவர் நம்மூர் மேஸ்திரி. மலையேறியவர்களில் பெரும்பாலோரை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்திருந்தது நம்மூர்ச் சாதி.

லீவுக்கு வால்பாறை டூர் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்தக் காட்டைத் தோட்டமாக்கியது யாரென்று பிள்ளைகள் கேட்டால், சொல்வதற்கு உங்களிடம் பதில் இருக்கும்.