கடலில் இறங்கும் கரடி

கிரேக்கத்தின் ஆர்க்காடியா மலைநாட்டில் கலிஸ்டோ என்றொரு பெண், வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் தோழி. தேவர்களின் அரசன் சீயஸ் அவளைக் கெடுத்தான். ஆர்க்கஸ் என்ற மகன் பிறந்தான். குற்றம் செய்தவன் அவன், தண்டனை அவளுக்கு. சீயஸின் மனைவி ஹீரா அவளைக் கரடியாக்கினாள். வளர்ந்த மகன் வேட்டைக் காட்டில் தாயென்று தெரியாமல் ஈட்டியை ஓங்க, சீயஸ் இருவரையும் வானத்துக்குத் தூக்கிவிட்டான். அப்போதும் ஹீராவின் ஆத்திரம் தீரவில்லை. அந்தக் கரடி ஒருநாளும் தங்கள் நீரில் இறங்கக் கூடாதென்று கடல் தெய்வங்களிடம் வரம் வாங்கினாள். பல வடிவங்களில் வழங்கும் கதை. நெஞ்சை அறுப்பது இந்த வடிவம்தான்.

அந்தக் கரடியின் முதுகும் வாலும்தான் நம் சப்தரிஷி மண்டலம். சங்கப் பாடலில் அது எழுமீன்.

ஹீராவின் வரம் கிரேக்கத்தில் பலித்ததற்குக் காரணம் அட்சரேகை. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அங்கே துருவ நட்சத்திரம் நிற்கும். கிரேக்கத்தில் அது சுமார் 38 பாகை. துருவத்தைச் சுற்றும் ஏழு மீன்களும் கவிஞர் ஹோமர் காலத்து அடிவானத்தைத் தொடாமலே வட்டமடித்தன. கடலில் நீராடாதது இந்தக் கரடி மட்டுமே என்று இலியத் காப்பியத்தில் அவர் பாடியதும் அதனால்தான்.

மட்டக்களப்பு இருப்பது 7.7 பாகையில். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. துருவ நட்சத்திரம் இங்கே அந்த அளவுக்குக்கூட உயர்வதில்லை. ஆகவே கரடி முழுதாக மறையும், முழுதாக எழும். மாரி மழை ஓய்ந்த தைக் கடைசியில் கல்லடிக் கடற்கரையில் நின்று வடகிழக்கைப் பாருங்கள். அகப்பை போல் தெரியும் ஏழு மீன்களும், கிண்ணம் முதலில், பிடி பின்னால் என்று, கடலைவிட்டு ஏறி முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரமாகும். கலிஸ்டோவுக்கு மறுக்கப்பட்ட நீராட்டு நம் கடலில் நடக்கிறது. எனக்கு இது பெரிய ஆறுதல்.

வைகாசியில் இரவு ஒன்பது மணிவாக்கில் கிண்ணம் வடக்கே கவிழ்ந்து நிற்கும். வடக்குத் திறந்த வாவிக்கரை எதுவும் போதும், பாலத்து விளக்குகள்தான் கண்ணுக்குப் பகை. கிண்ணத்தின் இடப்பக்க மீன்கள் புலகரும் கிரதுவும். அவற்றை இணைக்கும் கோட்டை ஐந்து மடங்கு கீழே நீட்டினால் துருவம்.

பிடியின் நடு மீன் வசிஷ்டர். ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. கலியாண வீட்டில் பகலில் கைகாட்டுவதோடு விட்டுவிடுகிறோம். புதுமணத் தம்பதி ஓர் இரவாவது அதைத் தேடிப் பார்க்க வேண்டும். சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வசிஷ்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டாகப் பிரிவார். அந்த இரண்டும் தனித்தனியே இரட்டைகள். அருந்ததிக்கும் ஒரு சிறு துணை உண்டென்று 2009இல் தெரியவந்தது. கண்ணுக்கு இரண்டாகத் தெரிவது உண்மையில் ஆறு.

கரடியின் தலைப்பக்கம் எம்81, எம்82 என்ற இரு விண்மீன் மண்டலங்கள் உள்ளன. 1774இல் யோகான் போடே கண்டவை. தொலைவு சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு. பங்குனி, சித்திரையில் நிலவில்லாத முன்னிரவில், ஊர் வெளிச்சம் எட்டாத கரையிலிருந்து சாதாரண இருகண் நோக்கியிலேயே இரு மங்கல் திட்டுகளாகப் பிடிபடும்.